விமானத்தில் இருந்து குதிக்க அனுமதி கொடுப்பது யார்? சேலம் ஏர்போர்ட் விபத்து சொல்லும் பாடம்

பூலாம்பாடி,

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் விமான நிலையம் கிடையாது. ஆனாலும் பூலாம்பாடி, அரும்பாவூர் பக்கத்து மக்களுக்கு ஏர்போர்ட் புதிது இல்லை. மலேசியா, சிங்கப்பூர் என்று பிழைக்க போனவர்கள் நிறைய பேர் இருக்கும் ஊர்கள் இவை. ஆளை ஏற்றி விடவும், அழைத்து வரவும் திருச்சிக்கு கார் பிடித்து போய் வருவது இங்கே சகஜம்.

ஆத்தூர் வழியாக போனால் இன்னொரு ஏர்போர்ட். சேலம் மாவட்டம் ஓமலூர் அருகே காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையம். இங்கேதான் 2014-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் அந்த சோகம் நடந்தது. பறக்கும் விமானத்தில் இருந்து பாராசூட் கட்டிக்கொண்டு குதிக்கும் 'ஸ்கை டைவிங்' பயிற்சிக்காக பெங்களூரில் இருந்து வந்திருந்தார் ஒரு இளம்பெண். குதித்தார். பாராசூட் சரியாக விரியவில்லை. தரையில் விழுந்து பலியானார். பயிற்சி நடத்தியவர்கள் மீது போலீசார் வழக்கு பதிவு செய்தனர்.

"ஏர்போர்ட்டுக்குள்ளேயே நடத்துறாங்க, அப்புறம் என்ன பயம்?" என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் ரன்வேயை பயன்படுத்த கிடைக்கும் அனுமதி வேறு. ஆளை பத்திரமாக குதிக்க வைக்கும் தகுதி வேறு. இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. செல்போனில் வீடியோ பார்த்துவிட்டு "நாமளும் ஒருதடவை குதிச்சு பார்க்கலாமா?" என்று கேட்கும் இளைஞர்கள் இதை தெரிந்து கொள்வது நல்லது.

எப்படி குதிக்கிறார்கள்?

ஸ்கை டைவிங்கில் புதிதாக வருபவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது 'டேண்டம்'. பயிற்சியாளர் முன்னால் உங்களை பெல்ட் போட்டு இறுக்கி கட்டி விடுவார்கள். இரண்டு பேருக்கும் ஒரே பாராசூட். இயக்குவது எல்லாம் அவர் வேலை. நீங்கள் கை, காலை சொன்னபடி வைத்துக்கொண்டால் போதும். சுற்றுலா போகிறவர்கள் குதிப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

இரண்டாவது 'ஸ்டேட்டிக் லைன்'. தனியாக குதிக்க வேண்டும். பாராசூட்டோடு இணைந்த ஒரு பட்டையின் மறுமுனை விமானத்தில் மாட்டப்பட்டு இருக்கும். ஆள் குதித்ததும் அந்த பட்டை இழுத்து பாராசூட்டை திறந்து விடும். பொதுவாக 3 ஆயிரம், 4 ஆயிரம் அடி உயரத்தில் நடக்கும். ராணுவ பாராசூட் வீரர்கள் ஆக்ராவில் உள்ள பயிற்சி பள்ளியில் தொடங்குவதும் இந்த முறையில்தான்.

மூன்றாவது, 10 ஆயிரம் அடிக்கும் மேலே இருந்து இரண்டு பயிற்சியாளர்கள் பக்கத்தில் பிடித்துக்கொண்டே வர, மாணவர் தானே பாராசூட்டை திறப்பது. இதற்கு தரையில் நன்றாக பாடம் படித்திருக்க வேண்டும்.

10 ஆயிரம் அடி என்றால் சுமார் 3 கிலோ மீட்டர். அங்கிருந்து விழும் ஆள் சில நொடிகளிலேயே மணிக்கு 200 கிலோ மீட்டர் வேகத்தை நெருங்கி விடுவார். சுமார் அரை நிமிடம்தான் அப்படி விழ முடியும். அதற்குள் பாராசூட் விரிந்தாக வேண்டும். விரிந்த பிறகு 5 நிமிடம் போல மிதந்து தரைக்கு வரலாம்.

அதனால்தான் முதுகுப்பையில் ஒரு பாராசூட் மட்டும் இருக்காது. முதல் பாராசூட் சிக்கிக்கொண்டால் அதை கழற்றி விட்டு இரண்டாவதை திறக்கலாம். மயங்கிப்போனாலோ, பயத்தில் கை ஓடாவிட்டாலோ என்ன செய்வது? குறிப்பிட்ட உயரத்துக்கு கீழே இன்னமும் வேகமாக விழுந்து கொண்டிருந்தால் இரண்டாவது பாராசூட்டை தானே திறந்து விடும் சிறிய கருவியும் இருக்கிறது. இந்த மூன்றும் சரியாக இருந்தால் உயிருக்கு நல்ல காவல். ஆனால் மடிப்பதும், சோதிப்பதும் மனிதர்கள்தானே!

ஏன் ஏர்போர்ட் தேடுகிறார்கள்?

குதிப்பவர்களை மேலே கொண்டு போக விமானம் வேண்டும். விமானம் ஏறி இறங்க ஓடுதளம் வேண்டும். ஆள் வந்து இறங்க, மரம், மின்கம்பி, கிணறு இல்லாத பரந்த வெட்டவெளி வேண்டும். மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பது ஏர்போர்ட்டில்தான்.

நம்ம பக்கத்து மக்காச்சோள காட்டிலும், சின்ன வெங்காய வயலிலும் இறங்கினால் என்ன என்று கேட்கலாம். இடைக்கு இடை கிணறும், மோட்டாருக்கு போகும் கம்பியும் இருக்கிறதே! ஆடி மாத காற்று இழுத்துக்கொண்டு போனால் இறங்க நினைத்த இடம் வேறு, இறங்கும் இடம் வேறாகி விடும்.

அதற்காக எல்லா ஏர்போர்ட்டும் ஒத்து வராது. திருச்சி சர்வதேச விமான நிலையம். புதிய முனையம் 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. விமானங்கள் வரிசையாக வந்து போகும் இடத்தில் ஆள் மிதந்து வரும் நேரம் வரை வான்வெளியை காலியாக வைப்பது லேசான வேலை இல்லை. அதனால் ஸ்கை டைவிங் நிறுவனங்கள் பார்ப்பது ஆள் நடமாட்டம் குறைந்த ஓடுதளங்களைத்தான். 2014-ல் சேலம் ஏர்போர்ட் அப்படித்தான் இருந்தது. அப்போது பயணிகள் விமானம் வரவில்லை. 2018 மார்ச்சில்தான் உதான் திட்டத்தில் சேவை தொடங்கியது. இடையில் நின்று, 2023 அக்டோபரில் மறுபடியும் தொடங்கியது.

யார் யாரிடம் கேட்க வேண்டும்?

ஒரு நிறுவனம் ஏர்போர்ட்டில் ஸ்கை டைவிங் நடத்த வேண்டும் என்றால் ஒரே கதவை தட்டி முடிக்க முடியாது.

* ஓடுதளத்துக்கு சொந்தக்காரர்: சேலம், திருச்சி இரண்டும் இந்திய விமான நிலைய ஆணையத்தின் கையில் உள்ளவை. இடமும், நேரமும் கொடுப்பது அவர்கள்.

* வான்வெளி: விமான போக்குவரத்து கட்டுப்பாட்டு அறை சரி என்று சொன்னால்தான் குதிக்க முடியும். இந்த நேரத்தில், இந்த இடத்தில் ஆள் குதிக்கிறார்கள் என்று மற்ற விமானிகளுக்கு முன்கூட்டியே அறிவிப்பும் போக வேண்டும்.

* விமானமும், விமானியும்: இவை மத்திய அரசின் சிவில் விமான போக்குவரத்து இயக்குநரகத்தின் பொறுப்பு. விமானம் பறக்க தகுதியானதா, விமானிக்கு உரிமம் இருக்கிறதா என்று பார்ப்பது அவர்கள்.

* மாவட்ட நிர்வாகமும், போலீசும்: ஆம்புலன்ஸ், கூட்டம், பாதுகாப்பு எல்லாம் இவர்கள் தலையில்.

சரி, பாராசூட்டை யார் சோதிப்பது? பயிற்சியாளர் எத்தனை முறை குதித்தவர் என்று யார் பார்ப்பது? மேலே சொன்ன நான்கு இடத்திலும் இதற்கு நேரடி பதில் இல்லை. சேலம் விபத்து நடந்த காலத்தில் வான் சாகச விளையாட்டுகளுக்கு என்று தனியாக தேசிய கொள்கையே இல்லை.

2022-ல் வந்த கொள்கை

அந்த குறையை போக்க, தேசிய வான் விளையாட்டு கொள்கையை மத்திய அரசு 2022-ம் ஆண்டு ஜூன் 7-ந் தேதி வெளியிட்டது. பாராசூட், பாராகிளைடிங், ராட்சத பலூன், டிரோன் உள்பட 11 விளையாட்டுகள் இதில் அடங்கும். ஸ்கை டைவிங் பாராசூட் பிரிவில் வருகிறது.

இந்திய வான் விளையாட்டு கூட்டமைப்பு என்ற அமைப்பு மேலே இருக்கும். அதன் கீழே ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு தேசிய சங்கம். அதற்கும் கீழே மாநில, மாவட்ட அமைப்புகள். விளையாட்டை நடத்துபவர்களும், கருவிகளும் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது கொள்கை. பாதுகாப்பு விதியை மீறினால் நடவடிக்கை உண்டு.

ஆக, இன்று ஒரு நிறுவனம் "எங்களுக்கு அனுமதி இருக்கு" என்று சொன்னால், "எந்த அனுமதி?" என்று கேட்கும் உரிமை காசு கட்டுபவருக்கு இருக்கிறது.

மற்ற ஊர்களில் எப்படி?

அரியானாவில் நார்னால் அருகே பாச்சோத் என்ற இடத்தில் உள்ள ஓடுதளத்தில் பொதுமக்களுக்கான டேண்டம் ஸ்கை டைவிங் நடத்தப்பட்டு வந்திருக்கிறது. மத்திய பிரதேசத்தில் உஜ்ஜைன் அருகே உள்ள தத்தானா ஓடுதளத்தில் மாநில சுற்றுலா துறை 2022 முதல் ஸ்கை டைவிங் விழாக்களை நடத்தி இருக்கிறது. இரண்டுமே பரபரப்பான ஏர்போர்ட்டுகள் இல்லை, சிறிய ஓடுதளங்கள்.

தமிழ்நாட்டிலும் உளுந்தூர்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு என்று இரண்டாம் உலகப்போர் காலத்து ஓடுதளங்கள் இருக்கின்றன. ஓடுதளம் இருக்கிறது என்பதற்காக நாளைக்கே குதித்து விட முடியாது. விமானம் இறங்கும் அளவுக்கு அது தேற வேண்டும்.

அமெரிக்காவில் கதையே வேறு. மத்திய அரசு நிதி வாங்கிய ஏர்போர்ட், ஸ்கை டைவிங் நிறுவனம் இடம் கேட்டால் நியாயமான காரணம் இல்லாமல் மறுக்க முடியாது. ஆபத்து என்று மறுத்தால் அதை மத்திய விமான துறை ஆராயும். ஆனால் கட்டுப்பாடும் கெடுபிடிதான். இரண்டாவது பாராசூட்டை உரிமம் பெற்ற ஆள் 180 நாளுக்குள் சோதித்து மடித்திருக்க வேண்டும். அங்குள்ள பாராசூட் சங்க கணக்குப்படி 2023-ல் சுமார் 36½ லட்சம் முறை குதித்ததில் 10 பேர் இறந்திருக்கிறார்கள்.

ஒழுங்காக நடத்தினால் இவ்வளவு பத்திரமாக நடத்த முடியும். ஏர்போர்ட்டுக்கு வாடகை, லாட்ஜ், ஓட்டல், டாக்சிக்கு வருமானம் என்று ஊருக்கும் லாபம் உண்டு. எனவே அனுமதியே கூடாது என்பதும் சரியாகாது.

கையெழுத்து போட்டால் கேஸ் இல்லையா?

குதிக்கும் முன்பு "எது நடந்தாலும் நானே பொறுப்பு" என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். இதை வைத்து எல்லாவற்றிலும் இருந்து தப்பித்து விடலாம் என்பது தப்பு கணக்கு. அலட்சியத்தால் உயிர் போனால் அது குற்ற வழக்கு. 2024 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவுப்படி 5 ஆண்டு வரை ஜெயில் தண்டனை கிடைக்கலாம். பழைய சட்டத்தில் 2 ஆண்டுதான் இருந்தது.

அதே நேரம், தனிநபர் விபத்து பாலிசிகள் பலவற்றில் சாகச விளையாட்டுக்கு இழப்பீடு கிடையாது என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். வீட்டில் சம்பாதிக்கும் ஒரே ஆள் என்றால் இதை கண்டிப்பாக படித்துப் பார்க்க வேண்டும்.

காசு கட்டும் முன் கேளுங்க!

* ஏர்போர்ட் அனுமதி கடிதம் எங்கே? எந்த தேதி வரை செல்லும்?

* நிறுவனமும், கருவிகளும் வான் விளையாட்டு அமைப்பில் பதிவு ஆகி இருக்கிறதா?

* என் கூட குதிக்கும் பயிற்சியாளர் யார்? அவருடைய உரிமம் எங்கே?

* இரண்டாவது பாராசூட் கடைசியாக எப்போது மடிக்கப்பட்டது? தானாக திறக்கும் கருவி இருக்கிறதா?

* காற்று அதிகமாக இருந்தால் நிறுத்தி விடுவீர்களா? பணம் திரும்ப கிடைக்குமா?

* ஆம்புலன்ஸ் இங்கேயே நிற்கிறதா? இன்சூரன்ஸ் யார் பெயரில்?

நல்ல நிறுவனம் என்றால் இந்த கேள்விகளுக்கு முகம் சுளிக்காது. தாளை எடுத்து காட்டும். "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார், வாங்க" என்று இழுத்தால், கட்டிய முன்பணம் போனாலும் பரவாயில்லை என்று வீட்டுக்கு பஸ் ஏறி விடுவதுதான் புத்திசாலித்தனம்.