உறங்கும் புல் விதை

நெல்லுக்கு உரமிடுவோர் உண்டு. வாழைக்கும் கரும்புக்கும் உரமிடுவோர் உண்டு. புல்லுக்கு உரமிட வேண்டும் என்றாலோ நகைப்பவர்களே அதிகம். காங்கேயம் காளையின் கம்பீரம் புல்லிலிருந்து வருவது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பிரதேசங்களில் மழை சொற்பம். அங்கே கிளுவையை உயிர்வேலியாக வைத்து, நிழலுக்கு வெள்வேல மரங்களை விட்டு, கொழுக்கட்டைப் புல் வளர்த்திருக்கும் மேய்ச்சல் நிலத்துக்குக் கொறங்காடு என்று பெயர். கோடையில் கருகிய புல், ஒரு மழைக்குத் தூரிலிருந்து துளிர்த்துவிடும். ஆயினும் தூருக்கும் ஆயுள் உண்டல்லவா? பழைய தூர் மடிந்த இடத்தில் புதிய விதை முளைக்காவிடில், கொறங்காடு நாளடைவில் வெறுங்காடாகிவிடும்.

இப்புல்லின் கதிரில் மயிர் சூழ்ந்த சிறு கொத்துக்கள் இருக்கும். அவற்றையே விதையென்று விற்கிறார்கள். ஆனால் பல கொத்துக்களுக்குள் மணியே இராது, வெறும் பதர்தான். உரத்தின் உபகாரம் இங்கேதான் தெரிகிறது. தழைச்சத்து கிளைப்புகளையும் கதிர்களையும் பெருக்குகிறது. மணிச்சத்து வேருக்கு வலுவூட்டி, மணி பிடிக்கவும் துணை செய்கிறது. மணிக்குள் சேமித்து வைத்த அந்தச் சத்துத்தான் இளம் நாற்றுக்கு முதல் ஆகாரம்.

அளவு மீறினாலோ கதை வேறு. தழைச்சத்து மிகுந்தால் இலை மண்டும், தண்டு சாயும், பிந்திய கிளைப்புகள் புதிது புதிதாகக் கதிர் விடும். முற்றிய விதை உதிர்ந்துகொண்டிருக்கையில் மற்றொரு பாதி பச்சையாகவே நிற்கும். அதை அறுத்தால் முளைப்பு எவ்வாறு நன்றாயிருக்கும்?

நன்கு முற்றிய விதையும் அறுத்தவுடன் முளைத்துவிடாது. சில மாதங்கள் உறங்கும். அகாலத்தில் பெய்யும் மழையை நம்பி முளைத்து வெயிலில் மடியாதிருக்க இயற்கை செய்த ஏற்பாடு இது. இதை அறியாமல் புது விதையைத் தூவிவிட்டு, விதை வியாபாரியை வைவதில் பயனில்லை. ஈரம் படாத இடத்தில் ஆறு மாதமாவது வைத்திருந்து விதைப்பதே முறை.

இந்த உறக்கத்தைக் கலைப்பதிலும் உரத்துக்குப் பங்கு உண்டு. விதைப் பரிசோதனைச் சாலைகளில் பலவகைப் புல் விதைகளை, 1 லிட்டர் நீரில் 2 கிராம் வெடியுப்புக் கரைத்து அதில் நனைத்து முளைக்க வைக்கிறார்கள். மண்ணிலுள்ள நைட்ரேட்டும் இத்தகைய சமிக்ஞைதான். அதை உறிஞ்சும் பெரிய செடி அருகில் இல்லை, இடம் காலி என்று விதைக்கு அது தெரிவிக்கிறது. ஆனால் யூரியா விதையோடு ஒட்டிக் கிடந்தால் முளையைக் கருக்கிவிடும்.

ஆகவே, ஆட்டுப் பட்டி அடைத்தோ, மட்கிய சாணம் பரப்பியோ நிலத்தை முன்னரே பக்குவப்படுத்துதல் நலம். விதைக்குமுன் கொத்துக்களிலிருந்து 100 மணிகளைப் பிரித்து ஈரத்துணியில் வைத்து, எத்தனை முளைக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஒரு வருஷத்து மழையை வீணாக்காமல் காப்பது இந்தச் சிறு வேலைதான்.