கொடியேற்றிய நாளும் கடலோடிய ஆண்டும்

கொடியேற்றத்தன்று கூடுகிற கூட்டம் மறுநாள் இருப்பதில்லை. இது நம் ஜனங்களிடம் வேரூன்றிப் போன ஒரு குணம். 2022-ம் வருஷம் செப்டம்பர் 2-ந் தேதி, கொச்சித் துறைமுகத்தில், ‘விக்ராந்த்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பலைப் பிரதம மந்திரி நரேந்திர மோதி கடற்படையில் சேர்த்து வைத்தார். அன்றைக்கே கடற்படைக்குப் புதுக்கொடியும் அளிக்கப்பட்டது. ஆங்கிலேயர் கொடியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டிருந்த செஞ்சிலுவை நீங்கி, சத்ரபதி சிவாஜியின் முத்திரையைத் தழுவிய சின்னம் ஏறியது. தேசமெங்கும் ஆரவாரம், பத்திரிகைகளில் படங்கள், மேடைகளில் பிரசங்கங்கள். அந்த ஆரவாரம் தகாததென்று நாம் சொல்ல வரவில்லை. தன் யுத்தக் கப்பலைத் தானே கட்டிக்கொண்ட தேசம் ஒரு நாள் மகிழ்வது நியாயமே. ஆனால், அடுத்த பன்னிரண்டு மாதங்களில் அக்கப்பலில் நடந்தது என்ன என்று கேட்டால், நம்மில் நூற்றுக்கு ஒருவராவது விடை சொல்வாரா என்பது சந்தேகம். கொடியேறிய நாளில் அது கப்பலாக மட்டுமே இருந்தது. விமானந்தாங்கிக் கப்பல் என்ற பெயருக்கு அது உரிமை பெற்றது அதன்பின் வந்த ஆண்டில்தான். இதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடலை விட்டு ஏறக்குறைய அறுபது மைல் உள்ளே, மலையடிவாரத்தில் வசிக்கும் திருவண்ணாமலைவாசிகளுக்குக் கப்பலைப் பற்றி என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். அதற்கு விடை எளிது. இக்கப்பலுக்கு ஆன செலவு சுமார் 20,000 கோடி ரூபாய். சோப்புக் கட்டி ஒன்று வாங்கும் கூலிக்காரனும் அதில் தன் பங்கைக் கொடுத்திருக்கிறான். மேலும், எடைக்கணக்கில் நம் வெளிநாட்டு வர்த்தகத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு கடல் வழியே நடக்கிறது. நாம் பயன்படுத்தும் எண்ணெயில் பெரும்பகுதி அக்கரையிலிருந்து வருவது. கிரிவலத்துக்கு ஜனங்களை ஏற்றிவரும் பஸ்களும், நம் வயல்களில் உழும் டிராக்டர்களும் ஓடுவது அந்த எண்ணெயால்தான். கடல்வழி அடைபட்டால் மலையடிவாரமும் இருளும்.

கப்பலின் அளவைச் சொன்னால் நம்மூர்க்காரருக்கு எளிதில் விளங்கும். நீளம் சுமார் 860 அடி. அகலம் 203 அடி. உயரம் ஏறத்தாழ 194 அடி. நம் அருணாசலேசுவரர் கோயிலின் கிழக்கு ராஜகோபுரம் 217 அடி என்பர். அக்கோபுரத்துக்கு இருபத்து மூன்று அடியே குறைந்த ஒரு மாளிகை, சுமார் 43,000 டன் எடையோடு, மணிக்கு 28 கடல்மைல் வேகத்தில் நீரைக் கிழித்துச் செல்வதை மனத்தில் எண்ணிக் கொள்ளுங்கள். அதற்குள் 2,200-க்கு மேற்பட்ட அறைகள். சுமார் 1,600 மாலுமிகளும் உத்தியோகஸ்தர்களும். பதினாறு படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரி. பெண் உத்தியோகஸ்தர்கள் தங்குவதற்கெனத் தனி அறைகள். ஒரு சிற்றூரே மிதந்து செல்கிறது எனலாம்.

கோபுரத்தோடு மற்றொரு விதத்திலும் இக்கப்பலை ஒப்பிடலாம். கிருஷ்ணதேவராயர் தொடங்கிய ராஜகோபுரத்தைத் தஞ்சைச் செவ்வப்ப நாயக்கர் முடித்தார். அதுபோலவே, 2003-ல் வாஜ்பாயி சர்க்கார் அனுமதியளித்த இக்கப்பலுக்கு, மன்மோகன் சிங் சர்க்காரின் காலத்தில், 2009 பிப்ரவரியில் அடித்தளம் இடப்பட்டது. அதே சர்க்காரின் காலத்திலேயே 2013 ஆகஸ்டில் உடற்கூடு நீரில் இறக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் முதற் கடலோட்டமும், 2022 செப்டம்பரில் கொடியேற்றமும் மோதி சர்க்காரின் காலத்தில் நிகழ்ந்தன. ஆதலின், இதை எங்கள் கட்சியின் கப்பலென்று மார்தட்டுவோர் எக்கட்சியினராயினும், அவர்தம் வாதத்தைத் தேதிகளே தள்ளுபடி செய்துவிடுகின்றன.

இனி, விஷயத்துக்கு வருவோம். கொடியேறிய அன்று அந்த மேல்தளத்தில் இறக்கையுள்ள யுத்த விமானம் ஒன்றேனும் வந்து இறங்கியதில்லை. ஹெலிகாப்டர்கள் மட்டுமே இறங்கியிருந்தன. ஏன் என்பதை அறியக் கப்பலில் விமானம் இறங்கும் விதத்தை அறிதல் வேண்டும். தரையில் யுத்த விமானத்துக்கு ஒரு மைலுக்கு மேற்பட்ட ஓடுபாதை உண்டு, அது அசைவதுமில்லை. கப்பலிலோ பாதையே சில நூறு அடிதான், அதுவும் அலையில் ஏறி இறங்குவது, முன்னோக்கி ஓடுவது. மணிக்குச் சுமார் 150 மைல் வேகத்தில் வரும் விமானம், தன் வாலடியில் தொங்கும் கொக்கியால், தளத்தின் குறுக்கே கட்டிய இரும்பு வடத்தைப் பற்றவேண்டும். பற்றினால் இரண்டரை வினாடியில் அத்தனை வேகமும் அடங்கி நின்றுவிடும். பற்றத் தவறினாலோ எதிரே கடல். ஆகையால், தளத்தைத் தொட்டவுடனே விமானி வேகத்தைக் குறைப்பதில்லை. யந்திரத்தை முழு வலுவுக்கு முடுக்குகிறான். வடம் பிடிக்காவிடில் அப்படியே மேலெழும்பி, மற்றொரு முறை சுற்றி வரவேண்டுமல்லவா? நிற்கப் போகிறவன் பறக்கத் தயாராக வந்து இறங்குவதே இவ்வித்தையின் ரகசியம்.

இதில் விமானி ஒருவனின் துணிவு மட்டும் போதாது. கப்பலைக் காற்றுக்கு எதிர்முகமாகத் திருப்பும் மாலுமி, விமானத்தின் எடைக்கேற்ப வடத்தின் இறுக்கத்தை அமைக்கும் தொழிலாளி, இறங்கும் கோணத்தைக் காட்டும் விளக்குகளைக் காப்பவன், தளத்தில் கிடக்கும் சிறு ஆணியையும் பொறுக்கியெடுக்கும் சிப்பந்தி ஆகிய அனைவரும் பிழையின்றி நடந்தால்தான் ஒரு விமானம் பத்திரமாக இறங்கும். இந்த ஒழுங்கு எந்தத் தொழிற்சாலையிலும் செய்து கிடைப்பதன்று. கடலில் நாள்தோறும் பழகிப் பழகியே வருவது.

அந்தப் பழக்கத்தின் ஆண்டாகத்தான் 2022 செப்டம்பர் முதல் 2023 செப்டம்பர் வரையுள்ள காலம் கழிந்தது. விமானச் சோதனைகள் 2023-ன் நடுப்பகுதிக்குள் முடியுமென்று கடற்படையின் உபதலைவர் முன்னதாகவே கூறியிருந்தார். 2023 பிப்ரவரி 6-ந் தேதி, நம் நாட்டிலேயே அமைத்த ‘தேஜஸ்’ விமானத்தின் கடற்படை மாதிரியும், ருஷியாவில் செய்த ‘மிக்-29கே’ விமானமும் விக்ராந்தின் தளத்தில் இறங்கின. மார்ச்சு 6-ந் தேதி கடற்படைத் தளபதிகளின் மகாநாட்டின் முதற்கட்டம், பாதுகாப்பு மந்திரி ராஜ்நாத் சிங் முன்னிலையில், கோவாவுக்கு அப்பால் கடலில் இக்கப்பலிலேயே கூடியது. மே மாதத்தின் பிற்பகுதியில் மிக்-29கே விமானம் இரவில் இறங்கிற்று. பகலில் இறங்குவது கஷ்டமென்றால், வானமும் கடலும் ஒரே கருமையாய் நிற்கும் இரவில், சில விளக்குகளை மட்டும் நம்பி இறங்குவது எத்தகையது என்று சொல்ல வேண்டுவதில்லை. அதே மாத இறுதியில் அமெரிக்க ‘ரோமியோ’ ஹெலிகாப்டரும் முதன்முறையாக இறங்கியது. ஜூன் மாதத்தில், விக்ராந்தும் அதற்கு மூத்த ‘விக்ரமாதித்யா’வும் முப்பத்தைந்துக்கு மேற்பட்ட விமானங்களோடு அரபிக்கடலில் சேர்ந்து இயங்கின. சொன்ன தவணைக்குள் சொன்ன காரியம் முடிந்தது. கொடியேற்றத்தன்று கைதட்டியவர்களில் எத்தனை பேர் இந்தத் தவணை நிறைவேறியதைக் கவனித்தார்கள்?

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். இதே பெயர் கொண்ட முந்தைய விக்ராந்த், 1961-ம் வருஷம் மார்ச்சு 4-ந் தேதி பெல்பாஸ்ட் நகரில், விஜயலக்ஷ்மி பண்டிட் அம்மையாரால் நம் கடற்படையில் சேர்க்கப்பட்டது. அதே வருஷம் மே 18-ந் தேதி, பிற்காலத்தில் கடற்படைத் தலைவரான தாஹிலியானி முதல் ஜெட் விமானத்தை அதில் இறக்கினார். நவம்பர் 3-ந் தேதி அது பம்பாய் சேர்ந்தது; ஜவாஹர்லால் நேரு வரவேற்றார். டிசம்பரில் கோவா விடுதலையின்போது மேற்குக் கடலில் காவல் நின்றது. பழைய கப்பலுக்கு முதல் விமானம் இறங்க எழுபத்தைந்து நாள். புதிய கப்பலுக்கு நூற்றைம்பத்தேழு நாள். இது பின்னேற்றமல்லவா என்பதே ஆட்சேபம்.

வாதம் சாமர்த்தியமானதே, ஆயினும் நிற்காது. பழைய கப்பல் பிரிட்டிஷார் தம் யுத்தத்துக்கென்று தொடங்கிப் பாதியில் நிறுத்தியதை நாம் 1957-ல் விலைக்கு வாங்கி, பெல்பாஸ்ட் கம்பெனியாரைக் கொண்டு முடித்தது. அதன் சகோதரக் கப்பல்கள் அதற்கு முன்னரே ஆஸ்திரேலியக் கொடியிலும் கனடாக் கொடியிலும் ஓடி, குறைகளெல்லாம் அறியப்பட்டிருந்தன. புதிய கப்பலோ தன் இனத்தில் முதலாவது. வரைபடம் நம் கடற்படையாருடையது. கட்டியவர் கொச்சித் தொழிலாளர். இத்தகைய கப்பலை அவர்கள் அதற்குமுன் கட்டியதில்லை. பிறர் ஓட்டிப் பழகிய வண்டியில் ஏறி அமர்வதற்கும், தானே செய்த வண்டியைத் தானே சோதித்து ஓட்டுவதற்கும் வித்தியாசம் உண்டு. கூடுதலாகச் சென்ற எண்பத்திரண்டு நாட்கள் கல்விக்குக் கொடுத்த கட்டணம். அக்கல்வி இப்போது நம்முடையது.

எனினும், நம்மை நாமே ஏமாற்றிக் கொள்ளலாகாது. கப்பலில் நூற்றுக்கு எழுபத்தாறு பங்கு சுதேசி என்று சர்க்கார் கூறுகிறது. அதில் மிகச் சிறந்தது எஃகு. ருஷியாவிலிருந்து வருமென்று எதிர்பார்த்த எஃகு கிட்டாதபோது, ஹைதராபாத் ராணுவ உலோக ஆராய்ச்சிச் சாலையார் வகை கண்டுபிடிக்க, நம் சர்க்கார் எஃகு ஆலைகள் அதை வார்த்தன. இன்று யுத்தக் கப்பல் எஃகுக்காக நாம் எவர் வாசலிலும் நிற்க வேண்டுவதில்லை. ஆனால், எஞ்சிய இருபத்து நான்கு பங்கு எது? கப்பலைச் செலுத்தும் நான்கு யந்திரங்களின் வடிவம் அமெரிக்கக் கம்பெனியுடையது. மேல்தளத்தில் நிற்கும் யுத்த விமானங்களோ, அந்தக் கணக்கிலேயே சேராமல், ருஷியாவிலிருந்து வந்தவை. 2025 ஏப்ரலில் பிரெஞ்சு ‘ரபேல்’ விமானங்கள் 26 வாங்க ஒப்பந்தமாயிற்று. பிப்ரவரி 6-ந் தேதி முதன்முதல் இறங்கிய தேஜஸ், ஒற்றை யந்திரம் போதாதென்று கடற்படையில் சேர்க்கப்படவில்லை; இரட்டை யந்திர விமானம் ஒன்று நம் நாட்டில் வடிவமைக்கப்பட்டு வருகிறது. வீடு நம்முடையது, வீட்டிலிருந்து போருக்குப் புறப்படும் குதிரை இன்னும் இரவல். இதை மறைத்துப் பேசுவது தேசபக்தி ஆகாது.

கப்பலில் கொடியேறியதற்கு மூன்றாம் நாள், செப்டம்பர் 5-ந் தேதி, வ. உ. சிதம்பரம் பிள்ளை பிறந்து நூற்றைம்பது ஆண்டு நிறைந்தது. 1906-ல் அவர் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும், ‘காலியா’, ‘லாவோ’ என்னும் கப்பல்கள் வந்ததும், துறைமுகத்தில் ஜனங்கள் திரண்டு குதூகலித்ததும் தமிழர் எவரும் அறிந்தவை. அதன்பின் நடந்ததை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. இனாமாகவும் ஏற்றிச் செல்ல முன்வந்தது. 1908 மார்ச்சில் பிள்ளையவர்கள் சிறைப்பட்டார். 1911-ல் கம்பெனி கலைந்தது. அதைக் கொன்றது அன்னிய ராஜாங்கத்தின் வன்மம், சந்தேகமில்லை. ஆனால், கப்பல் வந்த நாளில் கரையில் நின்ற கூட்டம், தலைவர் சிறையிலிருந்த ஆண்டுகளில் பங்குத் தொகையோடும் சரக்கோடும் நின்றிருந்தால் கதை வேறாக முடிந்திருக்கலாம் அல்லவா? வரவேற்கத் தெரிந்தோம்; வளர்க்கத் தெரியவில்லை.

இன்று அன்னிய ராஜாங்கம் இல்லை. சாக்குச் சொல்லவும் இடமில்லை. ஆகவே, நம் தேச ஊழியர்கள் செய்யவேண்டிய காரியங்கள் சில உள. கப்பல் கட்டத் தாமதமானதை 2016-ல் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை எடுத்துக்காட்டியது. அத்தகைய அறிக்கைகளை வாங்கிப் படிக்கும் வழக்கம் நம்மிடையே வரவேண்டும். ஓட்டுக் கேட்டு வரும் பார்லிமெண்டு அங்கத்தினரிடம் தெருச் சாக்கடையைப் பற்றிக் கேட்பதோடு, சுதேசி விமானம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, கொச்சித் தொழிலாளரின் கைத்திறன் மறந்து போகாதபடி அவர்களுக்கு அடுத்து என்ன வேலை தரப்பட்டிருக்கிறது என்றும் கேட்கவேண்டும். தொழில் கைவிட்டால் கையும் மறக்கும்.

வாலிபர்களுக்கும் ஒன்று சொல்வோம். நம்மூருக்கு வடகிழக்கே எழுபது மைலில் அரக்கோணம். அங்கே 1992-ல் ஜனாதிபதி ஆர். வெங்கடராமன் தொடங்கிவைத்த ‘ராஜாளி’ என்னும் கடற்படை விமானத் தளம் இருக்கிறது. கடற்படையின் ஹெலிகாப்டர் விமானிகள் பயிற்சி பெறுவது அங்கேதான். கடலில்லாத ஊரில் கடற்படைக்கு ஆள் தயாராகும்போது, மலையடிவாரத்துப் பிள்ளைகளும் பெண்களும் அதில் சேரத் தடை என்ன? விமானியாகத்தான் ஆகவேண்டுமென்பதில்லை. வடத்தை இறுக்குபவனும், யந்திரத்தைப் பழுது பார்ப்பவளும் அதே மதிப்புடையோரே.

2025 மே மாதத்தில், பாகிஸ்தானோடு மோதல் நேர்ந்தபோது, விமானந்தாங்கிக் கப்பலின் படையணி அரபிக்கடலின் வடபகுதியில் நிறுத்தப்பட்டதென்று கடற்படை அறிவித்தது. அன்று அங்கே நிற்கும் தகுதி 2022 செப்டம்பர் 2-ந் தேதியின் வாத்தியங்களால் வந்ததன்று. அதன்பின் வந்த மாதங்களில், எவரும் பாராத கடலில், வடம் இறுக்கியும் விளக்கேற்றியும் பழகிய ஆயிரத்து அறுநூறு பேரின் உழைப்பால் வந்தது. அடுத்த கப்பலுக்குக் கொடியேறும் நாளில் நாம் கட்டாயம் கைதட்டுவோம். தட்டிய கையால் அன்றே நாட்குறிப்பில் ஒரு வரியும் எழுதி வைப்போம்: அடுத்த ஆண்டு இதே தேதியில் கணக்குக் கேட்கவேண்டும்.