ஏறத் தெரிந்தால் போதாது, திரும்பவும் தெரிய வேண்டும்
பாறையேற்றப் படங்கள் மாணவர்களுக்குச் சொல்லும் பாடம்

ரவாங்கிலிருந்து செலாயாங் நோக்கிப் பழைய சாலையில் செல்லும்போது, தெம்ப்ளர் பூங்காவை ஒட்டிச் செங்குத்தாக நிற்கும் சுண்ணாம்புக் குன்று ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் புக்கிட் தாக்குன். பேருந்துச் சன்னல் வழியே நாம் கடந்துபோகும் அந்தக் குன்று, பாறையேறிகளுக்கு நன்கு தெரிந்த இடம்.

பாறையேற்றத்தை உலகெங்கும் கொண்டு சேர்த்ததில் திரைப்படங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. கனடாவின் பான்ஃப் நகரில் 1976 முதல் மலைத் திரைப்பட விழா நடந்து வருகிறது. அங்குத் தேர்வாகும் படங்கள் பிறகு பல நாடுகளில் ஒரு மாலை நிகழ்ச்சியாகத் திரையிடப்படுகின்றன. உங்கள் கல்லூரிக் கழகமும் இப்படியொரு மாலையை ஏற்பாடு செய்யலாம். அதற்கு ஏற்றவை இரண்டு படங்கள்.

முதலாவது ‘ஃப்ரீ சோலோ’. அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் சுமார் 900 மீட்டர் உயரம் கொண்ட எல் கேப்பிட்டன் பாறையை அலெக்ஸ் ஹொனால்ட் கயிறே இல்லாமல் தனியாக ஏறினார். நாள் 2017 ஜூன் 3. எடுத்துக்கொண்ட நேரம் 3 மணி 56 நிமிடம். இப்படம் 2019-இல் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கார் விருதை வென்றது.

பலருக்கும் நினைவில் நிற்பது அந்தக் கடைசி நாள்தான். ஆனால், அதற்கு முன் அதே பாதையைக் கயிற்றுடன் மீண்டும் மீண்டும் ஏறி, கை எங்கே, கால் எங்கே என்று ஒவ்வோர் அசைவையும் அவர் மனப்பாடம் செய்ததையும் படம் காட்டுகிறது. 2016-இல் செய்த முதல் முயற்சியில் சிறிது தூரம் ஏறியதும் மனம் ஒப்பாததால் நிறுத்திவிட்டார். படப்பிடிப்புக் குழு சுற்றிலும் காத்திருந்தும் அவர் திரும்பிவிட்டார். அந்த முடிவுக்கும் துணிச்சல் வேண்டும்.

இரண்டாவது ‘தி டான் வால்’. டாமி கால்டுவெல் 2001-இல் ஒரு விபத்தில் இடக்கை ஆள்காட்டி விரலின் ஒரு பகுதியை இழந்தவர். அவரும் கெவின் ஜார்ஜசனும் அதே எல் கேப்பிட்டனின் கடினமான முகப்பில் 19 நாள் தங்கி ஏறி, 2015 ஜனவரி 14-ஆம் நாள் உச்சியை அடைந்தனர். நடுவழியில் ஒரு பகுதியைக் கடக்க முடியாமல் கெவின் பல நாள் திணறினார். கால்டுவெல் தனியாக முடித்திருக்கலாம். ஆனால், நண்பனுக்காகக் காத்திருந்தார்.

நமக்கும் மலை அந்நியமல்ல. எவரெஸ்ட் சிகரத்தில் முதன்முதலில் கால் பதித்த மலேசியர்கள் எம்.மகேந்திரனும் என்.மோகனதாஸும். நாள் 1997 மே 23. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 15 மீட்டர் சுவரை 4.75 விநாடியில் ஏறித் தங்கம் வென்றவர் அண்டை நாடான இந்தோனேசியாவின் வெட்ரிக் லியோனார்டோ. பத்துமலையிலும் பக்தர்கள் ஏறும் 272 படிகளிலிருந்து விலகி, குன்றின் வேறு பக்கங்களில் டாமாய், ஞாமோக் போன்ற ஏறுசுவர்கள் உள்ளன. வார இறுதிகளில் பல இளைஞர்கள் அங்குப் பயிற்சி செய்கிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கயிறில்லாமல் ஏறும் காட்சியைக் கைப்பேசியில் அரை நிமிடம் பார்த்துவிட்டு, காணொளி எடுப்பதற்காகவே பாறையில் கால் வைப்பது ஆபத்து. அந்த அரை நிமிடத்தில் ஹொனால்டின் பல ஆண்டுப் பயிற்சி தெரியாது. மழைக்குப் பின் வழுக்கும் சுண்ணாம்புப் பாறையும், கையோடு பெயர்ந்து வரும் கல்லும் யாருடைய துணிச்சலையும் பார்ப்பதில்லை.

ஆர்வமுள்ளவர்கள் முதலில் உள்ளரங்கு ஏறுசுவரில் பயிற்றுநரிடம் கற்கலாம். பண்டார் உத்தாமாவில் ஒன் உத்தாமா பேரங்காடியின் கேம்ப்5 அத்தகைய இடம். இடுப்புப் பட்டை அணிவது, முடிச்சைச் சரிபார்ப்பது, கீழே நின்று தோழரின் கயிற்றைப் பிடிப்பது ஆகிய மூன்றும் அடிப்படை. அதன் பிறகு அனுபவசாலிகளுடன், தலைக்கவசத்தோடு, உரிய அனுமதி பெற்று வெளிப்பாறைக்குச் செல்லலாம்.

கயிற்றைப் பிடிப்பவர் படத்தில் பெரும்பாலும் தெரிவதில்லை. ஆனால், ஏறுபவரின் உயிர் அவர் கையில்தான் இருக்கிறது. படம் முடிந்து விளக்கு எரிந்ததும் நண்பர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்: நமக்குள் யாரை நம்பிக் கயிற்றைக் கொடுக்கலாம்? நம்மிடம் யார் நம்பிக் கொடுப்பார்கள்?