பதினாயிரத்து எண்பது காரணிகள்

6746328388800 என்னும் பதின்மூன்று இலக்க எண்ணை, ஆறு இலட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று இலட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு என்று சொல்லி முடிப்பதற்கே மூச்சு முட்டுகிறது; ஆயினும், சீனிவாச ராமானுஜன் 1915ஆம் ஆண்டில் லண்டன் கணிதச் சங்கத்தின் ஏட்டில் வெளியிட்ட நீண்ட கட்டுரையில், தம் கையால் கணக்கிட்டுத் தந்த பட்டியலின் கடைசி எண்ணாகிய இதன் பெருமை அந்த நீளத்தில் இல்லை. இதனை மீதியின்றி வகுக்கும் எண்கள் 10080 உள்ளன என்பதும், இதனிலும் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை காரணிகள் கிடையா என்பதுமே இதன் விசேஷம்.

தமக்கு முற்பட்ட எண்கள் அனைத்தையும் காரணிகளின் தொகையில் வென்று நிற்கும் இத்தகைய எண்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. டஜனுக்கு உரிய 12, நாழிகைக்கும் நிமிஷத்துக்கும் அளவாகிய 60, வட்டத்தின் பாகைகளாகிய 360 ஆகிய மூன்றும் இக்குலத்தைச் சேர்ந்தவையே. கிரேக்க ஞானி பிளேட்டோ தம் இலட்சிய நகரத்துக்கு 5040 குடும்பங்களை விதித்ததும், பல விதமாகப் பங்கிட்டாலும் மிச்சம் வராத சௌகரியத்தை உத்தேசித்தே.

காரணிகளை எண்ணும் முறை எளிது. 360 என்பது மூன்று இரண்டுகளும் இரண்டு மூன்றுகளும் ஓர் ஐந்தும் சேர்ந்த பெருக்கம். அடுக்குகளாகிய 3, 2, 1 ஒவ்வொன்றோடும் ஒன்று கூட்டி, 4, 3, 2 என்பவற்றைப் பெருக்கினால் 24 காரணிகள். நமது பேரெண்ணிலோ 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5, 7 ஆகியவை இவ்விரு முறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒவ்வொரு முறையும் வருகின்றன. அவ்வாறே பெருக்கினால் 10080 கிடைக்கிறது. (அந்த 10080உம் இதே குலத்து எண் என்பது ஆனந்தம் தரும் செய்தி.)

அடுக்குகள் 6, 4, 2, 2, 1 என்று இறங்கி வருவது தற்செயலன்று. 23க்குப் பதிலாக 29ஐ வைத்தால் காரணிகளின் தொகை மாறாது, எண் மட்டும் பெருத்துவிடும். 2, 3 ஆகியவற்றின் அடுக்குகளை இடம் மாற்றினாலும் அதே கதிதான். ஆகவே, பகா எண் ஒன்றையும் தாண்டாமலும் அடுக்கு எங்கும் ஏறாமலும் இருப்பது நிர்ப்பந்தமாகிறது. 4, 36 என்னும் இரண்டு நீங்கலாக, இக்குலத்து எண் எதிலும் கடைசிப் பகா எண் ஒரே முறைதான் வரும் என்பதையும் ராமானுஜன் நிரூபித்தார்.

நூற்றுச் சொச்சம் எண்கள் கொண்ட அப்பட்டியலில் 293318625600 என்ற ஒன்று மட்டும் விடுபட்டுவிட்டது. அதனை 23ஆல் பெருக்கினால் வருவது நமது பேரெண்ணேயாகும்! யந்திரத்தின் துணையின்றி இத்தனை தூரம் சென்ற உழைப்பில், அந்த ஒரு விடுபாட்டைக் குறையென்று கூற எனக்கு மனம் வரவில்லை.

இக்கட்டுரைக்காகவே 1916ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் அளித்தது. யுத்த காலத்துப் பண நெருக்கடியால் அப்போது அச்சேறாது நின்ற பிற்பகுதி, நிக்கோலா, ரோபன் என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர் இருவரின் குறிப்புரையோடு 1997ஆம் ஆண்டில்தான் ஆராய்ச்சி ஏட்டில் வெளிவந்தது. நமது கல்லூரிகளில் கணிதம் பயிலும் மாணவர்கள் இவ்விரு பகுதிகளையும் ஒருசேர வைத்துப் படித்தல் வேண்டும். தொடக்கப் பக்கங்களுக்குப் பெருக்கலும் பொறுமையுமே போதும்.