புவிவெப்பமும் பொதுநிலக் குத்தகையும்

மும்பையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர் தொலைவில், தான்சா ஆற்றங்கரையை ஒட்டி வஜ்ரேஸ்வரி, அக்லோலி, கணேஷ்புரி ஆகிய ஊர்கள் அமைந்துள்ளன. இங்குள்ள வெந்நீர் ஊற்றுகளில் நீராடுவதற்குத் தாராவி, மாதுங்கா, செம்பூர் பகுதிகளில் வாழும் தமிழர்களும் சென்று வருகின்றனர். பக்தர்களுக்குப் புனித நீராக விளங்கும் இவ்வூற்று, பொறியியலாளருக்கு ஓர் ஆற்றல் வளம். இவ்விரண்டு நோக்குகளுக்கும் இடமளிக்கும் சட்டம் எவ்வாறு அமைய வேண்டும் என்பது இன்று சிந்திக்க வேண்டிய வினாவாகும்.

வளத்தின் தன்மை

மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்திற்கு இறங்கி, அங்குள்ள வெப்பத்தைப் பெற்று மீண்டும் மேலெழுவதால் கொங்கண ஊற்றுகள் தோன்றுகின்றன. இவற்றின் நீர் பொதுவாகக் கொதிநிலையை எட்டுவதில்லை. ஆகவே மீன், பழம் ஆகியவற்றை உலர்த்துவதற்கு இவ்வெப்பம் பெரிதும் ஏற்றது. குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகும் திரவங்களைக் கொண்டு சிறிதளவு மின்சாரமும் பெற இயலும். எனினும் செம்பூரை அடுத்த டிராம்பேயில் 1956ஆம் ஆண்டு தொடங்கிய அனல் மின் உற்பத்திக்கு இது மாற்றாகும் என எதிர்பார்ப்பதற்கில்லை.

மின் உற்பத்திக்கு மிகவும் நம்பிக்கையளிப்பது லடாக்கின் பூகா பள்ளத்தாக்கு ஆகும். இந்திய நிலவியல் ஆய்வுத்துறை 1970களில் அங்குத் துளையிட்டு ஆராய்ந்தது. மின் நிலையம் அமைப்பதற்காக எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகம் 2021ஆம் ஆண்டு லடாக் நிர்வாகத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. நாட்டின் மொத்தப் புவிவெப்ப வாய்ப்பு சுமார் 10,600 மெகாவாட் என மதிப்பிடப்பட்டுள்ளது.

குத்தகை ஏன் தனித்தன்மை வாய்ந்தது?

புவிவெப்ப வளம் பெரும்பாலும் காட்டு நிலத்திலோ மேய்ச்சல் நிலத்திலோ காணப்படுகிறது. அங்கு முதலீடு செய்வோர் இரு இடர்களை எதிர்நோக்க வேண்டியுள்ளது. முதலாவது, பெருஞ்செலவில் துளையிட்ட பின்னரே வளம் உண்டா இல்லையா என்பது தெரியவரும். இரண்டாவது, நிலத்தடி வெப்பநீர் மேற்பரப்பின் எல்லைக் கற்களுக்குக் கட்டுப்படுவதில்லை. ஒருவர் தோண்டும் கிணறு அடுத்தவரின் ஊற்றை வற்றச் செய்யக்கூடும். எனவே குறுகிய கால ஆய்வு உரிமம், அதில் வெற்றி கண்டவருக்கு நீண்ட கால உற்பத்திக் குத்தகை என இரு படிகளாக உரிமை வழங்குவது பொருத்தமானது.

பிற நாடுகளின் அனுபவம்

அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டின் புவிவெப்ப நீராவிச் சட்டம் கூட்டரசுக்குரிய பொதுநிலங்களைக் குத்தகைக்குத் திறந்துவிட்டது. 2005ஆம் ஆண்டுத் திருத்தம் ஏலமுறையை விரிவாக்கி, இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையேனும் ஏலம் நடத்தப்பட வேண்டும் என்று விதித்தது. ஏலங்களை ஆண்டுதோறும் நடத்தக் கோரும் மசோதாக்கள் பின்னர் கொண்டுவரப்பட்டன. குத்தகை வருவாயில் பாதி மாநிலத்திற்கும் கால்பங்கு உள்ளூர் மாவட்டத்திற்கும் சேரவேண்டும் என 2005ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது குறிப்பிடத்தக்கது.

இந்தோனேசியா 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் புவிவெப்பத்தைச் சுரங்கத் தொழிலிலிருந்து பிரித்தது. அதன் விளைவாகப் பாதுகாக்கப்பட்ட காடுகளிலும் புவிவெப்பப் பணி மேற்கொள்ள வழி ஏற்பட்டது.

எச்சரிக்கையும் உண்டு. நியூசிலாந்தின் வைராகேயில் 1958ஆம் ஆண்டு மின் உற்பத்தி தொடங்கிய பின்னர், அருகிலிருந்த இயற்கை வெந்நீர்ப் பீச்சுகள் அடங்கிவிட்டன, நிலமும் தாழ்ந்தது. அந்நாட்டின் ரோட்டோருவாவில் பீச்சுகள் நலிவதைக் கண்ட அரசு, 1980களில் சுற்றுப்புறக் கிணறுகளை மூடச் செய்தது. அதன்பின் பீச்சுகள் மீண்டும் வலுப்பெற்றன.

இந்தியாவில் இனி

மத்திய புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் 2025 செப்டம்பரில் தேசியப் புவிவெப்ப ஆற்றல் கொள்கையை வெளியிட்டது. மின் உற்பத்தியோடு வெப்பத்தின் நேரடிப் பயன்பாடும் இதில் இடம்பெற்றுள்ளது. ஆயினும் கொள்கை என்பது சட்டமன்று. நிலமும் நீரும் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் உள்ளன. காட்டு நிலத்திற்கு 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் ஒப்புதல் தேவை. காட்டில் வாழ்வோரின் உரிமைகளை 2006ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது. இவை அனைத்தையும் இணைத்தே குத்தகை விதிகளை வகுக்க வேண்டும்.

அவ்விதிகளில் மூன்று அம்சங்கள் இன்றியமையாதவை. துளையிடுமுன் ஊற்றுகளின் வெப்பத்தையும் நீரளவையும் பதிவுசெய்து, பின்னர் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். பயன்படுத்திய நீரை மீண்டும் நிலத்தடிக்கே செலுத்தக் குத்தகைதாரரைக் கட்டாயப்படுத்த வேண்டும். வருவாயில் ஒரு பங்கு ஊராட்சிக்கு நேரடியாகச் சேர வேண்டும். பூகாவின் சாங்பா மேய்ப்பருக்கு மேய்ச்சல் நிலமும் வஜ்ரேஸ்வரியின் பக்தருக்கு நீராடும் குளமும் குறைவின்றி நிலைத்தால்தான் பொதுநிலம் பொதுமக்களுக்கே பயன்பட்டது எனக் கொள்ளலாம்.