வாயில்லா உயிரும் விஞ்ஞானமும்

செட்டிபாளையம் போன்ற வாவிக்கரை ஊர்களில் விசர்நாய் கடித்தவரை ஊசி ஏற்ற ஆசுபத்திரிக்கு விரைந்து கொண்டுசெல்வர். பிரான்சிய அறிஞர் லூயி பாஸ்டர் 1885ஆம் ஆண்டில் ஒரு சிறுவனுக்கு ஏற்றிய அத்தகைய மருந்து, முயல்களிலும் நாய்களிலும் நடந்த பரிசோதனைகளின் பயனாகும். ஆதலின் அப்பரிசோதனைகள் யாவும் வீண் எனத் தள்ளுதல் இயலாது; அவ்வுயிர்கள் பட்ட நோவை மறத்தலும் அறமன்று.

இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது சட்டம். 1876இல் பிரித்தானியா, பரிசோதனை செய்வோர் அனுமதி பெறவேண்டுமென விதித்தது. இந்தியாவிலோ, ருக்மிணிதேவி அருண்டேலின் முயற்சியைத் தொடர்ந்து 1960இல் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அது பரிசோதனையைத் தடுக்கவில்லை. அதனைக் கண்காணிக்கக் குழு அமைக்க வழிவகுத்தது. அறுவையின்போது மயக்கமருந்து கொடுத்தல் வேண்டும். நூலும் மாதிரியுருவும் படமும் போதுமாயின் கல்விக்கூடங்களில் உயிர்களைச் சோதனைக்கு உட்படுத்தலாகாது என்பன அச்சட்டம் காட்டும் நெறிகளுட் சில.

இலங்கையின் 1907ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் பிராணிவதைக்கு விதித்த உச்ச அபராதம் நூறு ரூபாவே. எனினும், பாடசாலை ஆய்வுகூடத்தில் ஒரு தவளையை அறுக்குமுன், “படம் போதாதா?” என்று வினவுதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முறையிட நாவில்லாத உயிருக்காக அவ்வினாவை எழுப்புதல் கற்றோர் கடன்.