கீரிப்பிள்ளையின் கதை

அம்மம்மாமார் சொல்லிக் கேட்ட கதைதான். தாய் தண்ணீர் அள்ளப் போன நேரத்தில், தொட்டில் பிள்ளையைத் தீண்ட வந்த பாம்பை வளர்ப்புக் கீரி கடித்துக் கொல்கிறது. இரத்தம் தோய்ந்த வாயோடு வாசலுக்கு ஓடிவந்த கீரியைக் கண்டவள், பிள்ளையைத்தான் கொன்றுவிட்டது என்று குடத்தை அதன் மேல் போடுகிறாள். உள்ளே பிள்ளை நல்ல நித்திரை.

வடமொழிப் பஞ்சதந்திரத்தின் ஐந்தாம் பகுதியில் வருவது இது. தாண்டவராய முதலியார் 1826இல் பஞ்சதந்திரத்தைத் தமிழ் உரைநடையில் தந்தார். ஆனால் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்தக் கீரி சிலப்பதிகாரத்துக்குள் வந்துவிட்டது.

அடைக்கலக் காதையில், மதுரைப் புறஞ்சேரியில் கோவலனைக் காணும் மாடலன் என்ற மறையவன், புகாரில் அவன் செய்த நன்மைகளை எடுத்துச் சொல்கிறான். அதில் ஒன்று, கீரியைக் கொன்ற பார்ப்பனப் பெண்ணைப் பற்றியது. பாம்பும் குடமும் அங்கே இல்லை. கீரி இறந்த செய்தி மட்டும் ஓரிரு அடிகளில் வருகிறது. கேட்பவர்களுக்குக் கதை தெரியும் என்று இளங்கோவடிகள் எடுத்துக்கொண்டார் போலும். அவர் சொல்ல வந்தது பிறகு நடந்ததை. கணவன் அவளை விட்டு வடதிசை போகிறான். வடமொழியில் எழுதிய ஓலையொன்றைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வணிகர் தெருக்களில் அலைகிறாள். கோவலன் அவளை அழைத்துக் கேட்கிறான். பாவம் தீரத் தானம் செய்கிறான். போன கணவனைக் கூட்டிவந்து சேர்த்து, வாழப் பொருளும் கொடுக்கிறான். பஞ்சதந்திரம் தாயின் புலம்பலோடு விட்டுவிடுகிறது. பிழை செய்தவள் இனி எப்படி வாழ்வாள் என்று கேட்டது நமது காப்பியம்.

அடுத்த காதையிலேயே அந்தக் கோவலன் கொலையுண்கிறான். கீரியின் வாயில் இரத்தம், இவன் கையில் சிலம்பு. இரண்டு இடத்திலும் தீர விசாரிக்க ஒருவரும் நிற்கவில்லை. நம்பாத அதிகாரிக்கு முன்னால் தன் கதையைச் சொல்லி நின்ற நம்மவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மேற்கே போன கதை வேறு உருவம் எடுத்தது. எட்டாம் நூற்றாண்டில் இப்னு அல்முகஃபாவின் ‘கலீலா வ திம்னா’ வழியாக அரபுக்குச் சென்றது. ஐரோப்பாவில் கீரி நாயாகிவிட்டது. பிரான்சின் லியோன் நகருக்கு அண்மையில், அப்படிக் கொல்லப்பட்ட கினஃபோர் என்ற வேட்டைநாயைப் புனிதராகவே வணங்கி, நோயுற்ற பிள்ளைகளை அங்கே கொண்டுபோனார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் எத்தியென் த பூர்போன் என்ற துறவி அதன் எலும்புகளைத் தோண்டி எரிப்பித்தார். வழிபாடு அதற்குப் பிறகும் நிற்கவில்லை. வேல்ஸில் பாம்பு ஓநாயானது. பெத்கெலர்ட் ஊரில் கெலர்ட் என்ற அந்த நாயின் கல்லறையை இன்றும் காட்டுகிறார்கள்.

பம்பாயில் பிறந்த கிப்ளிங் 1894இல் ‘ஜங்கிள் புக்’ நூலில் ரிக்கி-டிக்கி-டாவி என்ற கீரியை எழுதினார். நமது பிள்ளைகள் பலருக்கு இந்தக் கீரியைத்தான் தெரியும். அங்கேயும் கீரி நாகத்தைக் கொன்று வீட்டைக் காக்கிறது. பிள்ளையைக் கடித்துவிடுமோ என்று தாய் ஒருமுறை பயப்படுகிறாள், தகப்பன் கடிக்காது என்கிறான், அத்தோடு சரி.